அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மனைவி என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டாள்

கரூர்க்காரன்:
வணக்கம். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். தை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இப்போது வாயில் வருவது "வேண்டாம்" என்ற ஒரே சொல்தான். கஞ்சி கொடுத்தாலும் வேண்டாம், துணி மாற்றினாலும் வேண்டாம்.

எல்லாம் என் மனைவிதான் பார்க்கிறாள். படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும் அவளேதான் எழுந்திருக்கிறாள். மருந்துச் செலவுக்காக நான் ஓவர்டைம் பார்த்துவிட்டு வர ஒன்பது மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து அக்கா வருவாள். "அப்பா இப்படி இளைச்சுட்டாரே, நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். நான் வாய் திறந்ததில்லை.

போன வாரம் ராத்திரி பார்த்தால், இவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, போய்ப் படுங்க" என்றாள். அதிலிருந்து டயப்பர் தீர்ந்துவிட்டது, மாத்திரை வாங்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. பன்னிரண்டு வருஷம் வாய் ஓயாமல் பேசியவள். அவளை எப்படிப் பேச வைப்பது?

மதுரை மீனா:
தம்பி, பேச வைப்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் தூங்க வையுங்கள். மாமியாரை மூன்று வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான். என் வீட்டுக்காரரும் "ஏதாவது செய்யட்டுமா?" என்று தினமும் கேட்பார். என்ன செய்யச் சொல்லலாம் என்று யோசிப்பதே எனக்கு இன்னொரு வேலை. ஒருநாள் கேட்காமலேயே, பத்திலிருந்து இரண்டு மணி வரை தன் பொறுப்பு என்று அலாரம் வைத்து எழுந்தார். சரியாகப் புரட்டுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டே முதல் ராத்திரி படுத்திருந்தேன். நாலாவது ராத்திரிதான் தூங்கினேன்.

அக்கா கேட்பதற்கு உங்கள் மனைவியால் பதில் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் அவள் காதுபட. ஞாயிறு மதியம் அப்பாவை அக்காவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் வெளியே போய் வாருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
அந்த "வேண்டாம்" பற்றி யாராவது உங்கள் வீட்டில் விளக்கினார்களா? மூளையில் பேச்சுக்கான பகுதி அடிபட்டால் சிலருக்கு ஒரே சொல் நாக்கில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் கேட்க நினைத்தாலும் அதுதான் வரும். அது தெரியாமல் நாள் முழுக்க அதையே கேட்டால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். தலையசைத்து, கையைக் காட்டிப் பதில் சொல்கிற மாதிரி கேட்டுப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வரும், ஆகவே அப்பாவைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

மனைவிக்கு இரண்டு வாரமாக அழுகை, பசியின்மை, படுத்தாலும் தூக்கமின்மை என்றிருந்தால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். "செத்துப்போயிடலாம் போலிருக்கு" என்று ஒரு வார்த்தை வந்தாலும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கரூர்க்காரன் (9 நாள் கழித்து):
மீனா அக்கா, சிஸ்டர், ரொம்ப நன்றி. ஓவர்டைமை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்துவிட்டேன். கையில் பணம் இறுக்கம்தான். பத்திலிருந்து இரண்டு வரை இப்போது நான். அக்காவிடமும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள், ஆனாலும் இந்த ஞாயிறு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

"வேண்டாம்" விஷயத்தைச் சொன்னதும் இவள் ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். "அப்ப மாமா என்னை வெறுக்கலையா?" என்று கேட்டாள். பிறகு அழுதாள். இந்த முறை என்னைப் போய்ப் படுக்கச் சொல்லவில்லை. 14416-க்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் பேசினோம். வெள்ளிக்கிழமை மனநலப் பிரிவுக்குப் போகிறோம், பட்டறையில் லீவு சொல்லிவிட்டேன்.