புதுப்பிப்பு: காரில் நேபாளம் போய்த் திரும்பியாயிற்று

உத்தரப் பிரதேசத்தின் சுனௌலி எல்லை வழியாகக் காரில் நேபாளம் போக என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பொக்காரா வரை போய்த் திரும்பிவிட்டோம்.

ஆர்.சி. புத்தகம், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, இவ்வளவுதான் கேட்டார்கள். கார் அண்ணன் பெயரில் இருப்பதால் அவரிடம் சம்மதக் கடிதமும் வாங்கி வைத்திருந்தேன். "நானே முடித்துத் தருகிறேன்" என்று கார் ஜன்னலில் கைவைத்தபடி கூடவே நடந்து வந்த தரகரை அனுப்பிவிட்டு, நேபாளப் பக்கம் உள்ள பேலஹியா சுங்க அலுவலகத்தில் நானே வரிசையில் நின்றேன்.

'பன்சார்' என்னும் வாகன நுழைவு அனுமதிக்கு நாள்கணக்கில் கட்டணம். நான்கு இரவுதானே என்று 4 நாளுக்குக் கட்டப் போனேன். கவுண்டரில் இருந்தவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஐந்து என்று காட்டினார்: நுழையும் நாளும் கணக்கு, வெளியேறும் நாளும் கணக்கு. மலைப்பாதையை நம்ப முடியாது என்று 6 நாளுக்கே கட்டினேன். ஆண்டுக்கு மொத்தம் 30 நாள்தான் வரம்பு.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: நம் பாலிசி இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். நேபாளத்துக்கான நீட்டிப்பைக் கிளம்புமுன்பே தனி பிரீமியம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

பன்சார் சீட்டைத் திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும். எங்கள் சீட்டு முறுக்குப் பொட்டலத்துக்குள் கிடந்தது, எண்ணெய்க் கறையோடு. நல்லவேளை, வாங்கிக்கொண்டார்கள்.