புதுப்பிப்பு: ரூட் கேனால் பண்ணியும் வலிச்ச பல்லு, ஸ்கேன் பாத்தாச்சு
ரூட் கேனால் முடிஞ்சும் மேல் கடவாய்ப்பல் கடிச்சா வலிக்குது, எக்ஸ்ரேல எல்லாம் சரியாத்தான் தெரியுதுன்னு முன்னாடி புலம்பியிருந்தேன்ல, இப்ப சிபிசிடி ஸ்கேன் (பல்லை முப்பரிமாணத்துல காட்டுற எக்ஸ்ரே ஸ்கேன்) எடுத்தாச்சு. வேர் மூணுதான், ஆனா கன்னப்பக்கம் முன்னாடி இருக்குற வேருக்குள்ள ரெண்டாவதா ஒரு கேனால் (வேருக்குள்ள நரம்பு போற சின்னக் குழாய்) ஒளிஞ்சிருக்கு, எம்பி2ன்னு சொல்றாங்க, மேல் முதல் கடவாய்ப்பல்லுல பாதிக்கு மேல பேருக்கு இருக்குமாம்! சாதா எக்ஸ்ரேல ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஒரே கோடா தெரியும், ஸ்கேன்ல குறுக்கு வெட்டா பாத்தா அடைச்ச கேனால் பளிச்சுன்னு வெள்ளைப் புள்ளி, அதுல இருந்து அண்ணப்பக்கமா தள்ளி சின்னதா ஒரு கறுப்புப் புள்ளி, அதான் விட்டுப்போனது. வேர் நுனியிலயும் லேசா கறுப்பு நிழல். நல்லவேளை புடுங்க வேணாமாம், மைக்ரோஸ்கோப் வச்சுத் திறந்து அதையும் க்ளீன் பண்ணி அடைக்கணும்னு சொல்லிட்டாங்க.