ஆல்டோ சாக்ஸில் எஃப் ஷார்ப்புக்கு மேல் ஜி வரவில்லை, உதவுங்கள்

ஆல்டோ_மாணவன்:
வணக்கம். ஆல்டோ சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசிக்கிறேன். சி-யை ஸட்ஜமாக வைத்திருக்கிறேன்; ஆல்டோவின் சி காதில் இ ஃப்ளாட்டாகக் கேட்கும், அதாவது இரண்டரைக் கட்டை. தார ஸ்தாயியில் பஞ்சமம் தொட வேண்டுமென்றால் கீ இல்லாத அந்த மேல் ஜி வேண்டும். எஃப் ஷார்ப் வரை சுத்தமாகப் பேசுகிறது. ஜி-க்குப் போனால் கீச்சென்று கத்துகிறது, இல்லாவிட்டால் கீழே விழுந்துவிடுகிறது. கிடைத்த ஃபிங்கரிங் (விரல் வைக்கும் முறை) எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ரீடை (ஊதும்போது அதிரும் மெல்லிய பட்டை) 2½-ஆம் எண்ணிலிருந்து இன்னும் இறுக்கமான 3-க்கு மாற்றியும் பயனில்லை. மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனை) நன்றாகக் கடித்தால் எப்போதாவது ஒரு கணம் வருகிறது, ஆனால் கீழுதடு புண்ணாகிறது. மவுத்பீஸ் மாற்றலாமா?

பேட்_வேலை:
தம்பி, காசு செலவழிக்கும் முன் ஆகக் கீழ் ஸ்வரமான கீழ் பி ஃப்ளாட்டை மெதுவாக ஊதிப் பாருங்கள். தயங்காமல் வந்தால் துளைகளை மூடும் பேட் எதுவும் லீக் இல்லை. லீக் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பயிற்சியெல்லாம் அப்புறம்.

ஆல்டோ_மாணவன்:
பார்த்துவிட்டேன் அண்ணா, மெதுவாகவே வருகிறது.

ஓவர்டோன்_பிரியர்:
அப்படியென்றால் மவுத்பீஸை மாற்ற வேண்டாம். கடிப்பதை இன்றே நிறுத்துங்கள். கடித்தால் ரீட் மூடிக்கொள்ளும், சத்தம் மெலியும், உதடும் போகும்.

கீழே வாசிக்கும்போது குழாயின் நீளமே ரீடை வழிநடத்துகிறது. மேலே போகப்போகக் குழாயின் பிடி தளர்ந்துவிடும், அந்த வேலையை உங்கள் வாயும் தொண்டையும் ஏற்க வேண்டும். சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சாக்ஸ் கலைஞர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வாய்க்குள் அளந்து பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். தேர்ந்தவர்கள் இந்த உயரத்தில் தங்கள் வாய்-தொண்டையின் ஒத்ததிர்வை வாசிக்கும் ஸ்வரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அனுபவம் குறைந்தவர்களுக்கு அது கைகூடவில்லை, ஸ்வரமும் வரவில்லை. அதனால் ஃபிங்கரிங் மட்டும் மாற்றி இதைப் பிடிக்க முடியாது.

பழகும் விதம் இது. ஆக்டேவ் கீயோடு (ஒரு ஸ்தாயி மேலே ஏற்றும் கீ) நடு எஃப் வாசியுங்கள், அதுதான் உங்கள் மத்திமம். அது காதில் இருக்கும்போதே விரல்களைக் கீழ் பி ஃப்ளாட்டுக்கு மாற்றுங்கள், ஆக்டேவ் கீயையும் விட்டுவிடுங்கள். உதட்டை அசைக்காமல் அதே எஃப் நிற்க வேண்டும். முதலில் கீழே விழும், விழட்டும். நாக்கின் பின்பகுதியை 'ஈ' சொல்வதுபோல் உயர்த்தி மறுபடி பிடியுங்கள். விசில் அடிக்கும்போது ஸ்வரத்தை ஏற்றும் அதே அசைவுதான். எஃப் நின்ற பிறகு, அதே விரலில் அதற்கு மேலுள்ள பி ஃப்ளாட், டி, மேல் எஃப் என்று ஏறலாம். இசையமைப்பாளர்கள் க்ளாஸுனோவும் இபேரும் யாருக்காக சாக்ஸபோன் கச்சேரிப் படைப்புகள் எழுதினார்களோ, அந்த சிகர்ட் ரஷேரும் ஒரே விரல் வைப்பில் மேல் ஸ்வரங்களை எடுக்கும் இந்த ஓவர்டோன் வழியைத்தான் வலியுறுத்தினார்.

இன்னொன்று, மவுத்பீஸை மட்டும் தனியாக ஊதுங்கள். சுருதி காட்டும் ட்யூனரில் 880 ஹெர்ட்ஸ் பக்கம் காட்டும். தாடையைத் தொடாமல் தொண்டையால் மட்டும் அதைக் கீழே இழுத்துப் பழகுங்கள். ஒன்றிரண்டு ஸ்வரம் இறங்கினாலே நல்ல அறிகுறி.

தார_ஸ்தாயி:
கர்நாடக இசை வாசிப்பவர் என்பதால் ஒரு வார்த்தை. கமகத்துக்கு ஸ்வரத்தை வளைக்கிறீர்கள் அல்லவா, அதைத் தாடையால் செய்கிறீர்களா, தொண்டையாலா? தொண்டையால் என்றால் பாதி வழி வந்துவிட்டீர்கள். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் சாக்ஸில் கர்நாடக இசை வாசித்ததைக் கேளுங்கள், அந்த அசைவுகளில் எவ்வளவு நிதானம்! கடித்துக்கொண்டிருந்தால் அந்த வளைவு வராது.

ஆல்டோ_மாணவன்:
பெரும்பாலும் தாடைதான், மாற்றிப் பார்க்கிறேன். இப்போது பி ஃப்ளாட் விரலில் எஃப் நிற்கிறது, கடிக்கவும் இல்லை! அதற்கு மேல் பி ஃப்ளாட் வந்து வந்து போகிறது. ஜி மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது.

ஓவர்டோன்_பிரியர்:
ஆல்டோவில் ஜி பலருக்கும் முரண்டுதான். அதை விட்டு மேலே உள்ள ஏ-வை எடுங்கள்: ஆக்டேவ் கீ, இடதுகை நடுவிரல், மோதிர விரல், ஆள்காட்டி விரல் திறந்திருக்கட்டும். பலருக்கு ஜி-யைவிட ஏ சீக்கிரம் பேசும். ஊதும் முன் ஸ்வரத்தை மனதுக்குள் பாடிக்கொள்ளுங்கள். ஏ நிலைத்தபின் அதே தொண்டை நிலையைச் சற்றே தளர்த்தி ஜி-க்கு இறங்குங்கள். உதடு ஆறும்வரை ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 3-ஆம் எண் ரீட் இறுக்கமாகத் தெரிந்தால் 2½-க்கே திரும்புங்கள்.