ஆகாய கங்கை அருவிக்குப் பனிமூட்டத்தில் இறங்கலாமா?

கேள்வி (வேளச்சேரி, சென்னை): அரையாண்டு விடுமுறையில் கொல்லிமலைக்குச் சென்று, அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கும் படிகள் வழியாக ஆகாய கங்கை அருவிக்கு இறங்க எண்ணியிருக்கிறோம், உடன் வரும் தந்தைக்கு 66 வயது என்பதால் தயங்குகிறேன்.

மறுமொழி 1: ஐயா, 1,000-க்கும் மேற்பட்ட அந்தப் படிகளில் இறங்குவது எளிதாகத் தோன்றினாலும், உண்மையான சோதனை திரும்பி ஏறும்போதுதான் தொடங்கும்; நான் சென்றபோது பத்துப் படிகளுக்கு அப்பால் எதுவும் புலப்படாத மூடுபனியில், ஈரக் கல்லில் கால் வழுக்க, கைப்பிடியைப் பற்றிக்கொண்டே ஏறினேன். முழங்கால் வலி இருந்தால் அவர் கோயிலிலேயே இருக்கட்டும்.

மறுமொழி 2: மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மறந்துவிட்டீர்களே! காலை உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின், அருவியாக விழும் ஐயாறு என்னும் ஆற்றில் நீர் பெருகினால், அருவிக்குச் செல்லத் தடை விதிப்பதும் உண்டு.

கேட்டவர்: நன்றி. தந்தையார் கோயிலில் காத்திருக்க இசைந்துவிட்டார். கையில் செய்தித்தாள் இருந்தால் போதுமாம்.