கீசரை அரசு அணைக்கலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்வாசி
வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் மின்சாரத்தைக் குறைத்துச் செலவழிக்கும்படி அரசு மக்களைக் கட்டாயப்படுத்தலாமா? எங்கள் வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சு. மகன் ‘கட்டாயம் வேண்டும்’ என்கிறான். 2023-இல் 300 நாளுக்கு மேல் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டைப் பட்டோமே, அதுவும் கட்டாயம்தானே என்பது அவன் வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் தெருவில் நிறையப் பேருக்கு பிரீபெய்ட் மீட்டர். கொஞ்சம் கொஞ்சமாக டோக்கன் வாங்கி மாதத்தை ஓட்டுகிறவர்கள் அவர்கள். இனி எதைக் குறைப்பார்கள்? பெரிய வீட்டுக்காரர்கள் இன்வெர்ட்டர், சோலார் என்று போட்டுக்கொண்டு தப்பித்துவிட்டார்கள்.

பதில்: பீனிக்ஸ் எலக்ட்ரீஷியன்
அக்கா, யாரைக் கட்டாயப்படுத்துகிறோம் என்று பாருங்கள். 2011 முதல் புது வீடு கட்டுகிறவர், வெந்நீருக்கான ஆற்றலில் பாதியையாவது மின்சாரத்தில் சூடாகும் சாதாரண எலிமென்ட் கம்பி இல்லாத வழியில் பெறவேண்டும். சோலார், ஹீட் பம்ப், எதுவானாலும் சரி. இந்தச் சட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். கட்டும்போதே செய்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் குடியிருப்பவர் எதையும் தியாகம் செய்ய வேண்டாம்.

வெந்நீர்க் கீசருக்கு ரிலே என்ற தொலைவிலிருந்து இயக்கும் சுவிட்ச் வைத்து, சாயங்காலம் மின் தேவை உச்சத்தில் இருக்கும்போது நகராட்சியே நிறுத்துவது வேறு விஷயம். அதனால் யூனிட் பெரிதாகக் குறையாது, ஓடும் நேரம்தான் தள்ளிப்போகும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் சமைத்துக் குளிக்கும்போது அந்தத் தள்ளல்தான் காப்பாற்றும். சூடு வெளியேறாமல் காக்கும் நல்ல உறை போட்ட கீசரில் தண்ணீர் சில மணி நேரம் சூடாகவே இருக்கும்.

பதில்: ஜோபர்க் தம்பி
இங்கே ஜோகன்னஸ்பர்க்கில் ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் லோட் லிமிட்டிங், அதாவது ஒரு வீடு ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு வைப்பதை, சோதித்தார்கள். விளக்கு, ஃபிரிட்ஜ் ஓடும். அடுப்பையும் கீசரையும் போட்டால் வரம்பு தாண்டி மீட்டர் அணைந்துவிடும். ஒரேயடியாக இருட்டாக்குவதை விட இது எவ்வளவோ மேல். உங்கள் மகன் பக்கம்தான் நான்.

சாட்ஸ்வொர்த்வாசி
தம்பி, இருட்டை விட மேல், சரி. ஆனால் மருந்தை ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் பாட்டிக்கும் நீச்சல் குள மோட்டார் ஓட்டும் வீட்டுக்கும் ஒரே வரம்பு என்றால் ஏற்கமாட்டேன். புது வீட்டுச் சட்டம் நல்லதுதான். டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளோ அறுபதுகளில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் விரட்டப்பட்டு வந்தவர்களுக்காகக் கட்டியவை. இன்னும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை உள்ள வீட்டில் துளை போட்டு சோலார் ஏற்றவே கூடாது. அரசு கட்டாயப்படுத்தட்டும், ஆனால் முதலில் அந்தக் கூரையை மாற்றித் தரட்டும். வாடகை வீடு என்றால் செலவு வீட்டுக்காரருடையது என்று எழுதியே வைக்கட்டும்.

எலக்ட்ரீஷியன் தம்பி, அந்த உறையைப் பழைய கீசருக்கும் போடலாமா?

பீனிக்ஸ் எலக்ட்ரீஷியன்
போடலாம் அக்கா. வெந்நீர்க் குழாய்க்கும் சேர்த்துச் சுற்றுங்கள். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள், அதற்குக் கீழே இறக்க வேண்டாம், கிருமி வளரும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.