வலப்பக்க டிரம்ஸில் இடக்கைக்காரரின் ஸ்னேர் பிந்துகிறது: வழி கூறுங்கள்

வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் இடக்கைக்காரன். வீட்டில் இடப்பக்க அமைப்பில், இடக்காலால் கிக் என்னும் பெரிய டிரம்மை மிதித்து டிரம்ஸ் கற்றவன். கடந்த ஜூன் முதல் ஏற்காட்டில் ஒரு தேவாலயத்தில் வாசித்து வருகிறேன். அங்கு வலப்பக்க அமைப்பில் உள்ள யமஹா ஸ்டேஜ் கஸ்டம் டிரம் செட்டை வலக்கைக்காரர்களும் பயன்படுத்துவதால், ஆராதனைக்கு நடுவே அதை மாற்றி அமைக்க இயலாது.

எனவே டிரம்ஸ் கலைஞர்கள் பில்லி காபம், சைமன் ஃபிலிப்ஸ் ஆகியோரைப் போல, கைகளைக் குறுக்கே போடாமல் ஹை-ஹேட்டை (ஜோடி சிம்பல்) இடக்கையாலும் ஸ்னேரை (முன்னால் உள்ள சிறு டிரம்) வலக்கையாலும் வாசிக்கிறேன். மெதுவான பாடல்களில் குறையில்லை. நிமிடத்திற்கு 100 துடிப்பைத் தாண்டியதும், ஒவ்வொரு துடிப்பிலும் கிக் வரும் பாடல்களில் ஸ்னேர் சற்றே பிந்தி, கிக்குடன் ஒரே ஓசையாக விழ வேண்டியது ‘தடக்’ என்று இரண்டாகப் பிரிந்து கேட்கிறது. ஸ்னேரில் இடையிடையே வர வேண்டிய மெல்லிய அடிகளும் மறைந்துவிடுகின்றன. மணிக்கட்டில் வலி இல்லை.

தாளம் காட்டும் மெட்ரோனோமை 60இல் வைத்து, பாரடிடில் என்னும் கை மாற்றி அடிக்கும் பயிற்சியை இரு கைகளாலும் தொடங்கிப் பழகினேன். ஹை-ஹேட்டைத் தாழ்த்தி, ரைடு என்னும் பெரிய சிம்பலை இடப்பக்கம் நகர்த்தியும் பார்த்தேன். பிராக்டிஸ் பேடில் வலக்கை தனியாக வாசிப்பதைப் பதிவுசெய்து கேட்டால் காலம் பிசகவில்லை. வலக்கால் சேரும்போதுதான் பிசகுகிறது. கையைவிடக் காலே காரணம் என்பது என் கணிப்பு.

வீட்டுச் செட்டையும் வலப்பக்கத்திற்கு மாற்றி வலக்காலை முதலில் பழக்குவதா, இரண்டு அமைப்புகளிலும் மாறி மாறிப் பயில்வதா: இந்நிலையைக் கடந்து வந்தவர்களுக்கு எது பலன் தந்தது?