மறு: மதகுக்கு எட்டாத தண்ணீருக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

சென்னைக் குடிநீர் பற்றி எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை கொடுத்தாக வேண்டும். 'டெட் ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஏரியின் கடைசி மதகுக்கும் தாழ்வாகக் கிடக்கும் நீர். தானாக வெளியே ஓடாது. 2019 கோடையில் மோட்டார் வைத்து இறைத்தது அதைத்தான். 'இறந்த சேமிப்பு' என்று எழுத மனம் வரவில்லை.

——

ஐயா, 'இறந்த' வேண்டவே வேண்டாம். கோடையில் மீன் பிழைத்துக் கிடப்பதே அந்த நீரில்தான்! நம் ஏரிகளில் உறுப்புக்கு உறுப்பு பெயர் உண்டு: மதகு, மடை, கலிங்கு, தூம்பு. ஏரி நீரை வெளியே விடும், உள்ளே துளையுள்ள குழாய்தான் தூம்பு. மூங்கிலுக்கும் அதே பெயர், பழைய ஊதுகருவி ஒன்றுக்கும் அதே பெயர். வீராணத்தையே பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. அவன் பட்டப்பெயரான வீரநாராயணன்தான் தேய்ந்து வீராணம் ஆயிற்று. வயலுக்கென்று வெட்டியது, 2004 முதல் குழாய் வழியே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்கும் போகிறது. ஏரிக்குரிய சொல் ஏரியிலிருந்தே வரட்டும்: 'தூம்படி நீர்'.

——

சென்னைக்கு நீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டியது. அங்கே எல்லாரும் ஷட்டர் என்கிறார்கள். தூம்பைப் பிள்ளைகளுக்கு யார் விளக்குவது? 'அடிநீர்' போதும்.

——

அடிநீர் நிலத்தடி நீரோடு குழம்பும்.

——

'மடைக்கீழ் நீர்'?

——

அது கூடவே கூடாது. எங்கள் ஊரில் மடைக்குக் கீழே என்றால் பாசன வயல். கரைக்கு வெளிப்பக்கம்! பிள்ளை ஏரியைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும். இன்னொன்று, இது நீரின் பெயர் அல்ல, கொள்ளளவின் பெயர். அணை கட்டும்போதே வண்டல் படியட்டும் என்று கணக்கில் ஒதுக்கும் இடம். வண்டல் ஏற ஏற அங்கே நிற்கும் நீர் குறையும். 'எட்டாக் கொள்ளளவு' என்பேன்.

——

நன்றி. நேரம் இல்லாததால் பாடத்தில் 'அடிநீர்' என்றே போட்டு, 'மதகுக்கு எட்டாமல் ஏரியின் அடியில் தங்கும் நீர்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். மூவர் ஒப்புக்கொண்டார்கள்.

——

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த பதிப்பிலாவது தூம்பைச் சேருங்கள்.